மீன் பெட்டிக்குள் லார்ச் மரம்

நவம்பர் 9, ஞாயிறு

விடிந்ததிலிருந்து தூறல். துணி காயவில்லை. கிறிஸ்துமஸுக்குக் கொடுக்க வேண்டிய ஜாக்கெட்டுகள் அப்படியே மடித்தபடி. தையல் மெஷின் பக்கமே போகவில்லை.

மாடியில் குடியிருக்கும் பேமா அவசரமாக ஊருக்குப் போய்விட்டாள். சிக்கிம் பெண். இங்கே காலேஜில் பாடம் எடுக்கிறாள். இரண்டு வருஷமாக எங்கள் மாடியில்தான். அவள் அப்பாவுக்குப் பக்கவாதம். வலது கை, கால் விழுந்துவிட்டது, பேச்சும் இல்லை என்று போன் வந்ததாம். ஒரு பையில் நாலு துணியைத் திணித்துக்கொண்டு இறங்கினாள். இன்னொரு கையில் ஒரு தட்டைச் சட்டி.

சட்டியில் ஒரு முழ உயரத்துக்கு மரம். செடி இல்லை, மரமேதான். வளைந்த அடிமரம், செதில் செதிலாகப் பட்டை, கிளை நிறைய மெல்லிய ஊசி இலை. பெயர் லார்ச். போன்சாய் என்கிறார்களே, அது.

"அப்பா வளத்தது ஆன்ட்டி. மலை சரிஞ்ச எடத்துல கெடந்துச்சு, எடுத்துட்டு வந்தாரு. நான் அப்ப ஸ்கூல். இங்க தனியா இருக்கேன்னு எனக்குக் குடுத்தாரு. மண்ணைத் தொட்டுப் பாருங்க. காஞ்சா தண்ணி. காயலன்னா வேணாம்."

நான் சரி என்பதற்குள் ஆட்டோ கிளம்பிவிட்டது.

ஊரில் எல்லாரும் என்னை நம்பித் துணி கொடுப்பார்கள். உயிருள்ள ஒன்றை யாரும் கொடுத்ததில்லை.

நவம்பர் 13, வியாழன்

மழை. வாசலில் நனைந்த சட்டியை எடுத்து, ஜன்னல் சன்ஷேடுக்குக் கீழே வைத்தேன். மண் ஈரமாகவே இருக்கிறது. இலை மஞ்சளாகிறதோ? என் கண்ணா, மரமா தெரியவில்லை.

இவர் பார்த்துவிட்டு, "சவுக்குக் கன்னு மாதிரி இருக்கு. இதுக்கா இந்தப் பாடு?" என்றார்.

ஹூக் தீர்ந்துவிட்டது, வாங்க வேண்டும். சேலை ஃபால்ஸ் நீலம், மெரூன். கொசுவத்தி.

நவம்பர் 18, செவ்வாய்

கண் இல்லை, மரம்தான். தொட்டால் கொட்டுகிறது. மஞ்சள் ஊசியாகத் தரை முழுக்க. கூட்டி அள்ளும்போது அழுகை வந்துவிட்டது.

பக்கத்து வீட்டில் மீன் கழுவின தண்ணீர் ஊற்றச் சொன்னார்கள். ஊற்றினேன். எறும்பு வந்ததுதான் மிச்சம்.

நவம்பர் 21, வெள்ளி

பேமா போன். அப்பா கண் திறந்து பார்க்கிறாராம், ஆள் தெரிகிறதாம். பேச்சு இன்னும் இல்லை. அடுத்து மரத்தைக் கேட்பாள் என்று போனைக் கீழே வைக்கப் பார்த்தேன். இவர் போனை வாங்கிவிட்டார். சுற்றி வளைக்கத் தெரியாத மனிதர்.

"மரம் மொட்டையாயிடுச்சும்மா."

 அவள் சிரித்தாள். சிரித்தேவிட்டாள்.

"அங்கிள், அது சாகல. லார்ச் வருஷா வருஷம் எல்லா இலையும் கொட்டிட்டுத் தூங்கும். எங்க ஊர்ல மலையே மொட்டையா நிக்கும்."

எனக்கு உயிர் வந்தது. ஆனால் அதோடு முடியவில்லை. தூங்குவதற்கு அதற்குக் குளிர் வேண்டுமாம். ஃப்ரிட்ஜுக்குள் இருக்கிற அளவுக் குளிர், இரண்டு மூன்று மாசம். போன வருஷம் இங்கே அது கிடைக்கவில்லை, அதனால்தான் இந்த வருஷம் இவ்வளவு சோர்வு. இந்த மாசம் ஊருக்கு எடுத்துப் போக இருந்தாளாம். அதற்குள் இப்படி ஆகிவிட்டது.

"இந்த வருஷமும் குளிர் இல்லன்னா எந்திரிக்காது. பரவால்ல ஆன்ட்டி, விடுங்க."

விடுங்க என்று அவள் சொன்ன விதம் சரியில்லை. மரத்தை மட்டும் சொன்ன மாதிரி இல்லை.

நகத்தால் ஒரு கிளையில் பட்டையை லேசாகக் கீறிப் பார்க்கச் சொல்லியிருந்தாள், பச்சையாக இருந்தால் உயிர் இருக்கிறதாம். கீறினேன். உள்ளே பச்சை.

நவம்பர் 23, ஞாயிறு

ஃப்ரிட்ஜைக் காலி செய்தேன். வெளியே வந்தவை: இட்லி மாவு, பாதி எலுமிச்சை, என்றைக்கோ வைத்த புளிக்காய்ச்சல், இவருடைய கண் மருந்து, வாழைப்பழம். பழத்தோடு வைக்கவே கூடாது என்றாள் பேமா.

நடுத் தட்டைக் கழற்றிவிட்டு மரத்தைக் குறுக்காகச் சாய்த்து வைத்தேன். நுனி மேலே இடிக்கிறது. கதவு மூடுகிறது, அது போதும்.

மாவு வெளியே இருந்து பொங்கி வழிந்துவிட்டது. இன்னும் இரண்டு நாளைக்குப் புளித்த தோசைதான். 

நவம்பர் 26, புதன்

நேற்று முழுக்கக் கரண்ட் வருவதும் போவதுமாக. ஃப்ரிட்ஜுக்குள் கை வைத்தால் வெதுவெதுப்பு. போதாக்குறைக்கு, இவர் தயிர் எடுக்கும்போது ஒரு சின்னக் கிளை ஒடிந்துவிட்டது. ஒடிந்ததைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். நான் பார்த்த பார்வை சரியில்லைதான்.

காலையில் காபி போட எழுந்தேன். ஃப்ரிட்ஜில் மரம் இல்லை. வாசலில் வண்டியும் இல்லை. நான் ஜாக்கெட் கொடுக்கும் துணிப்பையும் இல்லை.

போன் செய்தேன். கம்பெனியில் இருக்கிறாராம். இவர் காரைக்கால்மேட்டில் ஐஸ் கம்பெனியில் மெஷின் பார்க்கிறார். அங்கே ஐஸ் கட்டி அடுக்கும் அறைக்கு முன்னால், இரண்டு கதவுக்கு நடுவில் ஒரு சின்ன இடம் உண்டு. எப்போதும் சில்லென்று இருக்கும், உறையாது. தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தாராம்.

"அஞ்சு, ஆறு காட்டுது. அந்தப் பொண்ணு சொன்ன கணக்குதானே?"

இவர் எனக்குப் பூ வாங்கி வந்த நாள் என்று ஒன்று ஞாபகம் இல்லை. மழையில் ஒரு கையால் வண்டி ஓட்டிக்கொண்டு, மறு கையில் ஒரு மொட்டை மரத்தைப் பிடித்துக்கொண்டு போயிருக்கிறார்.

சாயங்காலம் வந்ததும் சூடாக வடை போட்டேன். வேறென்ன செய்ய.

நவம்பர் 28, வெள்ளி

மத்தியானச் சாப்பாடு எடுத்துப் போகிற சாக்கில் கம்பெனிக்குப் போய்ப் பார்த்தேன். கதவு திறந்ததும் முகத்தில் அடிக்கிற குளிர். ஓரமாக, பெஞ்சு மேலே, மரம். அடியில் சாக்கு.

ஐஸ் கட்டி உடைக்கிற காளியப்பன் உள்ளே எட்டிப் பார்த்தான்.

"என்ன அண்ணி இது, சாமியா? போறப்ப வர்றப்பல்லாம் கும்புடணுமா?"

"கும்புட வேணாம். இடிக்காம போ, அது போதும்."

"எனக்கு ஒரு டவுட்டு. ஐஸ் போடுற குழாய்ல அமோனியா லேசாக் கசிஞ்சாலும் செடி இலையெல்லாம் கருகிடுமே?"

"இதுக்குத்தான் இலையே இல்லையே," என்றார் இவர். சொன்னாரே தவிர, உடனே பெஞ்சைக் குழாய்ப் பக்கத்திலிருந்து எதிர் மூலைக்கு நகர்த்தினார்.

டிசம்பர் 1, திங்கள்

புயல் எச்சரிக்கை. துறைமுகத்தில் கூண்டு ஏற்றிவிட்டார்களாம். போட் எதுவும் கடலுக்குப் போகவில்லை.

போட் போகாவிட்டால் ஐஸ் எதற்கு? முதலாளி மெஷினை நிறுத்தச் சொல்லிவிட்டார். இது எனக்கு முன்பே தோன்றவே இல்லை. பெரிய அறையில் இருக்கிற கட்டிகள் உருகுகிற வரைக்கும்தான் குளிர்.

காற்று. ஜன்னல் அடித்துக்கொள்கிறது. மெழுகுவத்தி இருக்கிறது. தீப்பெட்டி நமுத்துப்போச்சு.

டிசம்பர் 3, புதன்

தெருவில் முழங்கால் தண்ணீர். போக வேண்டாம் என்றேன். மோட்டாரை மேலே ஏற்றி வைக்க வேண்டும் என்று கிளம்பினார். மோட்டாருக்காக மட்டும் இல்லை என்று எனக்குத் தெரியும். நான் தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளவில்லை.

இருட்டுவதற்குள் திரும்பினார், தெப்பலாக. தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னார்.

இவருக்கு முன்னாலேயே காளியப்பன் அங்கே. நேற்றே சட்டியைப் பிளாஸ்டிக் தாளில் சுற்றி, பெரிய தெர்மகோல் மீன் பெட்டிக்குள் இறக்கி, சுற்றிலும் ஐஸை உடைத்துப் போட்டிருக்கிறான். உருகுகிற தண்ணீர் வெளியே போக அடியில் ஓட்டை. காலையும் மாலையும் பழைய ஐஸை வழித்துவிட்டுப் புதிது. அவன் வீட்டிலேயே கூரை ஒரு பக்கம் பிய்ந்து கிடக்கிறது.

"உன்னை யாருடா இதெல்லாம் செய்யச் சொன்னான்னு கேட்டேன். அண்ணி இடிக்காம போன்னு சொன்னாங்கள்ல, இருக்குற ஐஸ் இதுக்கில்லாம வேற எதுக்குன்னான்."

முதலாளியும் வந்து பெட்டியைப் பார்த்தாராம். யார் வீட்டு மீன் என்று கேட்டாராம்.

நாளைக்குத் தண்ணீர் வடிந்தால், காளியப்பன் வீட்டுக்கு அந்த நீலத் தார்ப்பாய். அரிசி. பெண்டாட்டிக்கு என் நைட்டி இரண்டு.

டிசம்பர் 7, ஞாயிறு

வெயில்! போட்கள் கிளம்பிவிட்டன, மெஷின் ஓடுகிறது.

கம்பெனியிலிருந்து பேமாவுக்கு வீடியோ கால். அவள் அப்பாவைத் தலையணையில் சாய்த்து உட்கார வைத்திருந்தாள். தொப்பி, கம்பளி. ஒரு பக்கம் இறங்கிய முகம். எனக்கு அவரிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை. வணக்கம் வைத்தேன். இவர் போனை மரத்துப் பக்கம் திருப்பினார். மீன் பெட்டி, ஐஸ், நடுவில் அது. பின்னால் காளியப்பன் ஒரு வஞ்சிர மீனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பல்லைக் காட்டுகிறான்.

அந்த மனிதருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சத்தத்தோடு. வாயின் ஒரு பக்கத்தால் மட்டும். பிறகு ஏதோ சொன்னார். எனக்கு அது வெறும் குழறல். பேமா அப்படியே நின்றுவிட்டாள்.

"என்னம்மா சொல்றாரு?"

"மீனுன்னாரு ஆன்ட்டி. மீனுன்னு சொல்றாரு."

விழுந்ததிலிருந்து அவர் பேசிய முதல் வார்த்தையாம்.

வீடு திரும்பும்போது பாலத்தில் வண்டியை நிறுத்திவிட்டு இவர் மூக்கைச் சிந்தினார். ஜலதோஷமாம்.

ஜனவரி 16, வெள்ளி

மாட்டுப் பொங்கல். நாலு நாளாகத் தையல் மெஷினைத் தொடவில்லை, முதுகுக்கு நல்ல ஓய்வு. மரத்துக்கு வாரம் ஒருமுறை இரண்டு கரண்டி தண்ணீர். காளியப்பனே ஊற்றிவிடுகிறான். நான் போனால் எனக்கு வேலை இல்லை. ஆனாலும் போகிறேன்.

பிப்ரவரி 14, சனி

மரம் வீட்டுக்கு வந்தது. வடக்குப் பக்கச் சுவர் ஓரம், நிழலில். மேலே பழைய கொசுவலை.

மார்ச் 5, வியாழன்

ஒன்றும் இல்லை. தினமும் பார்க்கிறேன், ஒன்றும் இல்லை.

இன்று உச்சிக் கிளையைக் கீறினேன். உள்ளே காய்ந்த பழுப்பு. கொஞ்சம் கீழே கீறினேன். பழுப்பு. அதற்குக் கீழே கீறத் தைரியம் இல்லை.

இவரிடம் சொன்னேன். "அந்த மனுசனுக்குக் கூடத்தான் பாதி ஒடம்பு வரல. மிச்சத்தப் பாப்போம்" என்றார்.

மார்ச் 10, செவ்வாய்

எழுத உட்காரவே முடியவில்லை. காலையில் ஊசி கோர்க்கிற கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். அடிக் கிளையில், கடுகளவில், பச்சை. ஒன்று. பக்கத்தில் இன்னொன்று. இன்னொன்று.

"என்னங்க! என்னங்க!" நான் கத்தியதில் பாதிச் சவரத்தோடு ஓடி வந்தார்.

சாயங்காலம் ஒரு மொட்டு விரிந்துவிட்டது. பச்சைப் பட்டுநூலில் குஞ்சம் கட்டிய மாதிரி. நான் எத்தனை முந்தானைக்குக் குஞ்சம் கட்டியிருக்கிறேன், இவ்வளவு நெருக்கமாக ஒன்றும் வந்ததில்லை. தொடவில்லை. மூச்சு மட்டும் பட்டிருக்கும்.

காளியப்பன் வேலை முடித்துக் குடும்பத்தோடு பார்க்க வந்தான். கையில் சங்கரா மீன். குனிந்து வெகுநேரம் பார்த்தான். "பொழைச்சுக்கிட்டியாடா" என்றான், மரத்திடம்.

மார்ச் 15, ஞாயிறு

பேமா போன். அப்பா கம்பு ஊன்றி வாசல் வரைக்கும் நடக்கிறாராம். அவள் இங்கே வேலையை விட்டுவிட்டாள், அங்கேயே ஒரு பள்ளிக்கூடத்தில் கிடைத்துவிட்டது. வீட்டைக் காலி செய்ய வருகிறாள்.

மரத்தை என்ன செய்வது என்று அவள் கேட்கவில்லை. என்னிடம் கேட்கத் தயங்குகிறாள். நான் ஆசைப்பட்டால் விட்டுவிட்டுப் போவாள், அப்படிப்பட்ட பெண். நானே சொல்லிவிட்டேன்.

"வெயில் ஏறுதும்மா. வெயில் முத்துறதுக்குள்ள கூட்டிட்டுப் போயிடு."

எடுத்துட்டுப் போ என்றுதான் சொல்ல நினைத்தேன். வாயில் வந்தது இது.

மார்ச் 24, செவ்வாய்

பேமா வந்து, சாமான் கட்டி, இன்று ரயில் ஏறிவிட்டாள். மரத்தைப் பார்த்ததும் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அடிக்கிளைகள் எல்லாம் பச்சை. உச்சி மட்டும் காய்ந்த குச்சி.

"மேல காப்பாத்த முடியலம்மா" என்றேன். அவள் என் மடியில் தலையை வைத்துக்கொண்டாள். நான் தலையைத் தடவிக்கொண்டிருந்தேன். சோறு ஆறிவிட்டது.

ஏ.சி. பெட்டியில் ஜன்னல் ஓரம். மரம் அவள் மடியில். ரயில் நகர்ந்ததும் இவர் கூடவே கொஞ்ச தூரம் நடந்து, "தண்ணி அளவா ஊத்தும்மா" என்று அவளுக்கே பாடம் சொன்னார்.

மார்ச் 31, செவ்வாய்

மூன்று ஜாக்கெட், ஒரு பாவாடை. உச்சி வெயிலில் தெருவில் ஆள் இல்லை.

பேமாவிடமிருந்து போட்டோ. அவர்கள் வீட்டு முற்றத்தில் மரம். பின்னால் மூட்டமாக மலை. அவள் அப்பா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, இடது கையில் சின்னக் கத்தியோடு உச்சிக் குச்சியின் பட்டையை உரித்துக்கொண்டிருக்கிறார். வெள்ளையாக, எலும்பு மாதிரி நிற்கிறது அது.

வெட்டிவிடவில்லையா என்று கேட்டேன். பேமா அவரிடம் கேட்டுச் சொன்னாள். மலையில் மின்னல் விழுந்து பிழைத்த கிழட்டு மரங்களுக்குத்தான் உச்சி அப்படி வெள்ளையாக இருக்குமாம். போன்சாய் வளர்க்கிறவர்கள் அதற்காகப் பச்சை மரத்தைக்கூடச் செதுக்கிப் பார்ப்பார்களாம். அவருக்கு இத்தனை வருஷமாக மனசு வரவில்லையாம்.

"இப்பதான் இது முழு மரம்னு சொல்றாரு ஆன்ட்டி. உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னாரு."

நான்தான் சொல்ல வேண்டும். போனில் வரவில்லை. இங்கே எழுதி வைக்கிறேன்: நன்றி. பேமாவுக்கு, அவள் அப்பாவுக்கு, காளியப்பனுக்கு. இவருக்கும், இதைப் படிக்கவே போவதில்லை என்றாலும்.

மல்லிகா ஜாக்கெட் கழுத்து இன்னும் அரை இஞ்சு இறக்கம் கேட்டாள். நாளைக்குப் பிரித்துத் தைக்க வேண்டும்.