அப்பா கட்டிய கப்பல் வீடு

1974 மார்ச் 3, ஞாயிறு

பேரன் ஃபீஃபி லண்டனில் சட்டம் படித்து முடித்து அக்ராவில் கறுப்பு அங்கி போட்டுவிட்டான். பேத்தி அட்வோவா குமாசி ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸ். டாக்டர்களே அவளைக் கேட்டுத்தான் ஊசியை எடுக்கிறார்களாம். சின்னவன் யோக்கு டக்கொராடி துறைமுகத்தில் எஞ்சினியர். இன்று கோயிலில் பாதிரியார் மூன்று பேரையும் பெயர் சொல்லி வாழ்த்தினார். முன்வரிசைக்காரிகள் கழுத்தைத் திருப்பிய அழகைப் பார்க்க வேண்டுமே.

மூன்று பேரும் பிறந்தது இந்த வீட்டின் முனை அறையில்தான். கடலைப் பார்த்து மூக்கை நீட்டிக்கொண்டு கப்பல் மாதிரி நிற்கிற வீடு இந்தச் சால்ட்பாண்டு ஊரில் வேறு யாருக்கு இருக்கிறது?

அண்ணன் எபோவுக்கு இருமல் நிற்கவில்லை.

மார்ச் 19

புளித்த சோள மாவு உருண்டை கெங்கேயைக் கரைத்துக் கொடுத்தாலும் அண்ணனுக்கு இறங்கவில்லை. கிடந்தபடியே அப்பாவைப் பற்றிப் பேசினார்.

அப்பா படகோட்டிகளுக்குத் தலைவர். தூரத்தில் நிற்கும் வெள்ளைக்காரன் கப்பலிலிருந்து அலையைத் தாண்டிச் சரக்கு இறக்குவார். கப்பல் ஏணியைத் தாண்டி அவரை மேலே ஏற விட்டதே இல்லை. 'நானே ஒண்ணு கட்டிக்கிறேன்' என்று தொடங்கினார். நானும் அண்ணனும் கரையிலிருந்து கல் சுமந்தோம். ஐந்தாம் வகுப்போடு என் பள்ளிக்கூடம் போனது அந்தக் கல்லால்தான். வட்ட ஜன்னல் வைத்தார். கூரைமேல் பாய்மரமும் நட்டார். கப்பல் தங்கள் சங்கத்துச் சின்னம், வேறு யாரும் வைக்கக்கூடாது என்று ஊர்ப் படைக்காரர்கள் அரிவாளோடு வந்தார்கள். மரத்தை மட்டும் அறுத்து இறக்கினார், வீட்டை விடவில்லை.

அவர் போனதும் வீடு அத்தை மகன் குவாமினாவுக்குப் போனது. எங்கள் வழக்கில் தகப்பன் சொத்து அவர் கூடப்பிறந்தவளின் பிள்ளைகளுக்கு. பெற்ற பிள்ளைகள் அடக்கமாக இருந்தால் குடியிருக்கலாம், அவ்வளவுதான். அந்தக் குவாமினா ஒரு கூழாங்கல் சுமந்தவனா?

அண்ணன் சொன்னார்: "நான் போனா என்னை அம்மா குடும்பத்து வீட்டுலயே கிடத்து. வம்பு வேணாம்."

நான் கெங்கேச் சட்டியை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

ஏப்ரல் 11

அண்ணன் போய்விட்டார்.

ஏப்ரல் 14

குவாமினா வந்து கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். அழுது முடித்து மூக்கைத் துடைத்தபின் சொன்னான்:

"மாமன் மகளே, சாகுற வரைக்கும் இங்க இரு, ஆக்கித் தின்னு, நான் ஒண்ணும் கேக்கமாட்டேன். எபோவ மட்டும் இந்தக் கூடத்துல கிடத்தாதே. பொணம் எங்க கிடக்குதோ அது அந்தக் குடும்பத்து வீடுன்னு ஊரே சொல்லும். உங்க அம்மா குடும்பத்துக்குன்னு ஒரு வீடு இருக்குல்ல?"

இருக்கிறது. மீன் புகை போடும் கொட்டகைகளுக்குப் பின்னால், ஒழுகுகிற தகரத்தோடு. அக்ராவிலிருந்து ஃபீஃபி வாதாடும் கோர்ட்டின் நீதிபதி காரில் வருவாராம். அவரை அந்தப் புகைக்குள் உட்கார வைப்பதா?

ஏப்ரல் 28, ஞாயிறு

அடக்கம் நேற்று முடிந்தது.

வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரிக் குளிர் அறையிலிருந்து பெட்டியைத் தூக்கி வந்தவர்கள், எந்த வீட்டுக்கு என்று முக்கில் நின்றார்கள். கடல் பக்கம் கை காட்டினேன். கப்பல் வீட்டுக் கூடத்தில் அண்ணனைக் கிடத்தினோம். வெண்பட்டு, பித்தளைக் கட்டில். நீதிபதியும் வந்தார். எல்லாம் நிறைவாக இருந்தது.

குவாமினா வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான். பிணத்தை வணங்கினான். பிறகு என்னைப் பார்த்து, ஊர் முழுக்கக் கேட்கும்படி:

"மாமன் மகளே, இது யார் வீடு?"

பாட்டு நின்றது. ஃபீஃபி குனிந்து காதில், "பாட்டி, 'உங்க வீடுதான், ஒரு ராத்திரிக்கு இரவல்'னு சொல்லிடுங்க" என்றான். அவ்வளவு சொன்னால் போதும், எனக்குத் தெரியாதா. ஆனால் அத்தனை பேர் முன்னால், அண்ணன் கிடக்கும்போது—

"கல்லு சுமந்தவங்க வீடு," என்றேன்.

"எல்லாரும் கேட்டுக்கிட்டீங்க," என்று செருப்பை மாட்டிக்கொண்டு போனான்.

மே 9

அவன் குடும்பத்துப் பெரியவர்கள் கூடி, முன்னோருக்கு மதுவை மண்ணில் ஊற்றிச் சொல்லிவிட்டார்கள். வீடு தன்னுடையது என்று சொன்ன பிள்ளை அதில் குடியிருக்க முடியாது. செம்மறி ஆடு கொண்டுவந்து மன்னிப்புக் கேட்டால் பார்க்கலாமாம்.

ஃபீஃபியிடம் வழக்குப் போடச் சொன்னேன்.

"தோத்துருவோம் பாட்டி. நீங்க சொன்னத நீதிபதியே பக்கத்துல உக்காந்து கேட்டாரு. ஆட்ட நான் வாங்கித் தர்றேன், நீங்க வந்து தலையைக் குனிஞ்சா மட்டும் போதும்."

இத்தனை படிக்கவைத்தது இதைச் சொல்லவா? குனியமாட்டேன்.

ஜூன் 2

அம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன். பெரியம்மா மகள் எசி பாயை விரித்தாள். "கப்பலம்மா கரை இறங்கிட்டாங்களா? புகை ஒத்துக்குமா?" என்றாள். பிறகு அவளே போய் மீன் குழம்பு கொண்டுவந்தாள்.

ஜூலை 15

முனை அறையை இடிக்கிறார்கள். சாலையோரம் நேர்சுவர் எழுப்பிக் கடைகள் வைக்கப்போகிறார்களாம். கல் எளிதில் பெயரவில்லை என்று கூலிக்காரன் எசியிடம் குறைப்பட்டானாம்.

எங்கே பெயரும்.

ஆகஸ்ட் 4

ஃபீஃபிக்கு நாளை எழுத வேண்டியது:

மழைக்குத் தகரம் ஒழுகுகிறது. சட்டியை வைத்துச் சமாளிக்கிறோம். சுவரில் உங்கள் படம் ஒன்றையும் மாட்டவில்லை. எதை எடுத்தாலும் உன் தோளுக்குப் பின்னால் அந்த வட்ட ஜன்னல் நிற்கிறது. மாட்டினால் வருகிறவர்கள் உன்னை விட்டுவிட்டு அதைத்தான் பார்ப்பார்கள். நீயும் தங்கையும் தம்பியும் சேர்ந்து நின்று புதிதாக ஒரு படம் எடுத்துத் தபாலில் அனுப்பு. பின்னால் வெறும் துணி தொங்கினால் போதும்.