முதல் பந்தியில் அம்மா

அன்பு மகள் சுமிக்கு, பொழியூரிலிருந்து அப்பா எழுதுவது. அயர்லாந்துக் குளிரில் நீ உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன், நாங்களும் அவள் காவலில் நடமாடிக்கொண்டிருக்கிறோம். தினமும் போனில் பேசுகிறவன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பாய். போனை எடுத்தால் அம்மா பக்கத்தில் வந்து நின்றுகொள்கிறாள், அதனால்தான். உன் தம்பி ரெனில் தனுவச்சபுரம் காலேஜுக்கு பஸ்ஸில் போய் வருகிறான், அரியர் வைத்திருக்கிறான், நீ கூப்பிடும்போது நாலு வார்த்தை நன்றாகத் திட்டு. ஐஸ் பிளான்டில் எனக்கு வேலை குறைவு, கடலில் மீன் இல்லை, வள்ளங்கள் கரையில் கிடக்கின்றன, ஐஸ் யாருக்கு வேண்டும்.

விஷயத்துக்கு வருகிறேன், எனக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது. அடுத்த மாதம் நீயும் அம்மாவைப்போல வயிற்றைச் சுருக்கும் ஆப்பரேஷன் செய்துகொள்ள நாள் வாங்கியிருப்பதாகச் சொன்னாய். அம்மாவே சந்தோஷமாக இருக்கிறாள், எனக்கு என்ன பயம் என்றாய். நீ பார்த்தது வாட்ஸ்அப்பில் வந்த போட்டோ. சர்க்கரை இறங்கிவிட்டது, முட்டுவலி போய்விட்டது, கோவில் படியைக் கைப்பிடி பிடிக்காமல் ஏறுகிறாள், அதெல்லாம் உண்மை, டாக்டர் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தார். ஆப்பரேஷனுக்கு முன்னால் கவுன்சலிங்குக்கு ஒரு பெண்ணைப் பார்க்கச் சொன்னார்கள், மனதைத் தயார் செய்ய. அம்மா போகமாட்டேன் என்று ஒரே பிடி. பாவசங்கீர்த்தனம் செய்தாகிவிட்டது, சாமியாரிடம் சொல்லாத எதை அந்தக் கொச்சுப் பெண்ணிடம் சொல்லப்போகிறேன் என்று கேட்டாள். அதற்குப் பதிலாக, எல்லாம் நல்லபடி முடிந்தால் சூசையப்பர் திருநாளுக்கு ஊட்டு நேர்ச்சை போடுவதாக நேர்ந்துகொண்டாள். வயிற்றை வெட்டிச் சிறிதாக்கப் போகிறவள் ஊருக்குச் சோறு போடுகிறேன் என்று நேர்ந்திருக்கிறாள், எங்கள் ஒருவர் மண்டையிலும் அது ஏறவில்லை. நல்ல நேர்ச்சை என்று எல்லோரும் மெச்சினார்கள்.

நம் ஊர் வழக்கம் உனக்குத் தெரியும், நேர்ந்தவர்தான் முதல் பந்தியில் உட்கார வேண்டும், இலையில் விழுந்ததை மிச்சம் வைக்கக் கூடாது. நான் முந்தின நாளே சாமியாரிடம் போய்ச் சொன்னேன். ஒரு கரண்டி வாங்கித் தொட்டு முத்தமிட்டுவிட்டு எழுந்தால் போதும், புனிதர் கணக்குப் பார்க்கமாட்டார் என்று அவரே சொல்லி அனுப்பினார். ஆனால் பந்தி பரிமாறியது பக்கத்து வீட்டு புஷ்பபாய் அல்லவா, அவளுக்கும் அம்மாவுக்கும் இருபது வருடச் சேர்க்கை, இரண்டு பேரும் ஒன்றாக எத்தனை கல்யாணத்துக்குச் சமைத்திருக்கிறார்கள். அம்மாவின் இலையில் சோற்றைத் தட்டிவிட்டு, “தின்னு மக்கா, தடிச்சிருந்தப்ப ஒனக்க மொகத்துல ஒரு களை உண்டு, இப்ப ஊதினா பறந்துருவ” என்றாள். பந்தி முழுக்கச் சிரித்தது, அம்மாவும் சிரித்தாள், சிரித்துக்கொண்டே சாப்பிட்டாள். நான் கண்ணைக் காட்டினேன், பார்க்காததுபோல இருந்தாள். பாயசம் வரை சாப்பிட்டாள். அப்புறம் முகம் வெளுத்து, உடம்பு வியர்த்து, எழுந்திருக்கக்கூட முடியாமல் அதே இலையில் வாந்தி எடுத்தாள். நேர்ச்சைச் சோறு, சுமி. நேர்ச்சையைப் புனிதர் ஏற்கவில்லை என்று பின்னால் யாரோ முணுமுணுத்ததை அவளும் கேட்டாள்.

அன்றிலிருந்து அம்மா யார் முன்னாலும் சாப்பிடுவதில்லை. ஒரு சின்னக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் பின்னால் போய் நின்று தின்கிறாள், போனால் கதவைச் சாத்துகிறாள். மாலையில் புஷ்பபாய் வீட்டில் மரச்சீனிக் கிழங்கு அவித்து நாலு பெண்கள் வட்டமாக இருந்து ஊர்க்கதை பேசுவார்களே, அங்கே போவதில்லை. கல்யாணச் சமையலுக்கு உப்புப் பார்க்க அவளைத்தான் கூப்பிடுவார்கள், இப்போது கூப்பிடுவதில்லை, கூப்பிட்டாலும் போகமாட்டாள். அவள் மனது நோகும் என்று ரெனில் தட்டை அறைக்குக் கொண்டுபோகிறான், நான் பிளான்டிலேயே சாப்பிட்டுவிட்டு வருகிறேன். இந்த வீட்டில் எல்லோரும் சேர்ந்து உட்கார்வது ஜெபத்துக்கு மட்டும்தான். கவுன்சலிங்குக்கு இப்போதாவது போகலாம் என்று மூன்று தடவை வண்டியை எடுத்தேன், அவள் ஏறவில்லை. ஒருநாள் கோபத்தில் கத்திவிட்டேன். அதற்கு அவள், “வயிறு சின்னதாவும்னு சொன்னாவ, நான் சின்னதாவேன்னு ஆரு சொன்னா” என்று கேட்டாள். கம்ப்ரசர் கெட்டால் எங்கே கெட்டது என்று தொட்டுச் சொல்வேன், இது எனக்குப் பிடிபடவில்லை. சரியாகும் என்று உனக்கு எழுத மனது வரவில்லை, சரியாகிறதை நான் காணவில்லை.

ஆப்பரேஷன் செய்யாதே என்று நான் சொல்லவில்லை. உன் முட்டும் உன் சர்க்கரையும் உனக்குத்தான் தெரியும், டாக்டர் வேண்டும் என்றால் வேண்டும். உன்னைக் கேட்டு வந்த மாப்பிள்ளை வீட்டார் எடை கேட்டார்கள் என்பதற்காக என்றால் வேண்டாம், அவர்களை நான் பார்த்துக்கொள்கிறேன். எப்படியானாலும் அங்கே கவுன்சலிங் வைத்தால் ஒன்று விடாமல் போ, அழுகை வந்தால் அங்கேயே அழுதுவிடு. புது மெஷினை லோடு ஏற்றாமல் ஓட்டிப் பார்ப்பதுபோல, இப்போதே கொஞ்ச நாள் உன் கூட்டுக்காரிகளோடு உட்கார்ந்து, அவர்கள் வயிறு நிறையத் தின்னும்போது நீ ஒரு கிண்ணம் மட்டும் தின்று பார். அவர்கள் எழுந்துபோன பின்னும் உன்னோடு மேசையில் இருக்க ஒருத்தி உண்டா என்று பார். இல்லையென்றால் நாளைத் தள்ளிப் போடு. என்னால் அங்கே வந்து உட்கார முடியாது, இங்கே அம்மா பக்கத்தில் இருந்தும் முடியவில்லை.

மாதா உன்னைக் கைவிடாமல் காக்கட்டும், நல்ல புத்தியும் நல்ல துணையும் தரட்டும். குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ. இதில் ஒன்றையும் அம்மாவிடம் கேட்காதே. அவளுக்கு நீ ஒருத்திதான் பாக்கி, உன்னிடம் போனில் பேசும்போது மட்டும்தான் அவள் இன்னும் சுகமாக இருக்கிறாள்.

உன் அப்பா,
பயஸ்