பையில் ஒரு குட்டி

அன்புள்ள அம்மா,

இந்தக் குளிரில் உன் முட்டிவலி எப்படி இருக்கிறது? நான் சுகம்.

நேற்று வற்றிய உப்பு ஏரியில் ஒரு ராட்சத விலங்கின் எலும்புக்கூட்டைத் தோண்டிக் கண்டோம். நம் வேலியடியில் வளை தோண்டும், கங்காரு போலப் பையில் குட்டி சுமக்கும் வாம்பட்டுக்குச் சொந்தம்தான், ஆனால் நம் காரைவிடப் பெரியது! என்றோ சேற்றில் சிக்கி நின்றபடியே செத்திருக்கிறது. நாலு காலும் இன்னும் தூண் மாதிரி நிற்கின்றன. வயிற்றுப்பை இருந்த இடத்தில் குட்டியின் எலும்புகள். கடைசிவரை சுமந்திருக்கிறாள், மகராசி.

வியப்பில் பின்னால் நகர்ந்த நானும் சேற்றில் இறங்கிவிட்டேன். முழங்கால் அளவுதான். சரி, இடுப்புவரை. "ஒரு எலும்புக்கூடு போதும்டி, நீ வேறயா?" என்று தோழி நோரா கயிறு போட்டு இழுத்தாள். பூட்ஸ்தான் போய்விட்டது.

பழைய பூட்ஸை அனுப்பு. கூடவே உன்னிடம் விட்டுவந்த என் மகள் எல்சியின் பாதத்தைத் தாளில் வரைந்து அனுப்பு. செருப்பு வாங்கத்தான், வேறொன்றுமில்லை.

தபால் வண்டி கிளம்புகிறது.

உன் கோரீன்