மேலிருந்து தெரியும் வீடு

மார்ச் 4
நாத்தனார் பிள்ளைகளோடு வரப்போகிறாள். இந்த நகரத்தில் மூன்று கோபுரங்களில் உச்சிவரை ஏறிப் பார்க்கலாமாம். எது நல்லது என்று பார்த்து வைக்கச் சொன்னாள். இவர் வேலைக்குப் போனதும் வங்கிக் கோபுரத்துக்குப் போனேன். லிஃப்டில் காது அடைத்தது. கண்ணாடியெல்லாம் கைரேகை. தொலைநோக்கியில் காசு போட்டு எங்கள் குடியிருப்பைத் தேடினேன். ஆற்றோரம், மேல்மாடி, பால்கனியில் சிவப்பு வாளி. கண்டுபிடித்துவிட்டேன்! அப்போது கதவைத் திறந்துகொண்டு ஒருத்தி வந்து கொடியிலிருந்த துணிகளை எடுத்தாள்.

பக்கத்துக் கட்டடமாக இருக்கும். எல்லாம் ஒரே அச்சு.

வீட்டுக்கு வந்தால் துணிகள் மடித்துக் கட்டிலில் இருந்தன. நானே மடித்துவிட்டு மறந்தேனா?

மார்ச் 5
இவரிடம் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார். சிரித்தால்கூடப் பரவாயில்லை — சிரிக்கவும் மாட்டார்.

மார்ச் 9
தொலைக்காட்சிக் கோபுரம். வங்கிக் கோபுரத்துக்கு இது எவ்வளவோ மேல். கண்ணாடி கிடையாது, கம்பி வலைதான். காற்று ஆளையே தள்ளுகிறது. பிள்ளைகளுக்குக் குளிரும்.

அவள் இருந்தாள். என் மஞ்சள் நைட்டியைப் போட்டுக்கொண்டு தலை வாரிக்கொண்டிருந்தாள். வீட்டுத் தொலைபேசிக்கு அடித்தேன். சீப்பை வைத்துவிட்டு உள்ளே போனாள்.

"ஹலோ, யாரு?"

என் குரல். வைத்துவிட்டேன்.

சாயங்காலம் இவர் சொன்னார்: "மத்தியானம் போன் பண்ணினப்ப எவ்ளோ நல்லாப் பேசின. நீ அப்படிச் சிரிச்சு எத்தனை நாளாச்சு."

மத்தியானம் நான் வீட்டிலேயே இல்லை. ஆனாலும் ஆமாம் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்?

மார்ச் 13
நாலு நாளாக எங்கும் போகவில்லை. வாசற்கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஒருத்தியும் வரவில்லை. ஏன் மறுபடியும் உம்மென்று ஆகிவிட்டாய் என்று இவர்தான் கேட்டார்.

மார்ச் 14
ஓட்டல் கோபுரம். மூன்றில் இதுதான் உசத்தி. தரையிலேயே ஒரு கண்ணாடிச் சதுரம், காலுக்கடியில் தெரு ஊர்கிறது. பெரியவர்கள் ஓரமாக ஒதுங்கி நடக்க, குழந்தைகள் அதன்மேல் குப்புறப் படுத்திருந்தார்கள்.

தொலைநோக்கியைத் தொடவே கூடாது என்றுதான் வந்தேன். தொட்டேன்.

பால்கனியில் நின்று அவள் நேராக என்னையே பார்த்தாள். முகத்தில் கோபமில்லை. அடுப்பில் கை வேலையாக இருப்பவள் ஓடிவரும் குழந்தைக்குக் காட்டுவதுபோல உள்ளங்கையைக் காட்டினாள் — அங்கேயே இரு.

அடித்துப் பிடித்து வீட்டுக்கு ஓடினேன். வீடு கூட்டித் துடைத்திருந்தது. யாருமில்லை.

மார்ச் 21
நாத்தனார் வந்துவிட்டாள். ஓட்டல் கோபுரத்துக்கே போகலாம் என்று முடிவாயிற்று. மேலே காப்பிக் கடையில் இடம் பிடித்து வைக்கிறேன் என்று நான் முன்னால் கிளம்பினேன். எல்லோரும் வீட்டில் இருக்கும்போது அவள் எப்படி வருவாள், பார்த்துவிடலாமே.

பார்த்தேன். பால்கனி காலி. அப்பாடா என்றிருந்தது.

கொஞ்ச நேரத்தில் லிஃப்ட் திறந்தது. பிள்ளைகள், நாத்தனார், இவர். இவர் கையைப் பிடித்துக்கொண்டு அவள்.

சின்னவனைக் கூப்பிட்டேன். என்னைப் பார்த்து மிரண்டு அவள் பின்னால் ஒளிந்தான். இவர் என்னிடம் வந்து போனை நீட்டினார்.

"ஒரு போட்டோ எடுத்துத் தர்றீங்களா?"

எடுத்தேன். இன்னும் கொஞ்சம் நெருங்கி நிற்கும்படி நானே சொன்னேன். படத்தில் எல்லோரும் சிரித்தபடி நன்றாக விழுந்திருந்தார்கள். இவரும்தான்.

"ரொம்ப தேங்க்ஸ்ங்க."

கல்யாணமானதிலிருந்து என்னிடம் இவர் ஒரு 'ங்க' போட்டுப் பேசியதில்லை.

ஏப்ரல் 2
கோபுரத்து உச்சி மாடத்தைப் பெருக்குகிறவர் என் காலைச் சுற்றிப் பெருக்கிவிட்டுப் போனார். வெளியே மேகம் இறங்கியிருக்கிறது. காலையிலிருந்து வீடு தெரியவில்லை.