நாற்பத்தொரு முடிச்சு

மார்ச் 3, திங்கள்

எழுத்து கோணல்மாணலாக இருக்கிறது, நோட்டே, பொறுத்துக்கொள். முப்பது வருஷம் பஸ் டிப்போவில் ஸ்பேனர் பிடித்த கை. பேனாவையும் திருகப் பார்க்கிறது. எனக்கு எழுபத்திரண்டு வயது. முதியோர் வகுப்புக்குப் போய் எழுதப் படிக்க வந்து நாலு மாதம். கடைப் பலகை, மருந்துச் சீட்டு, சோப்பு உறை, எதையும் விடுவதில்லை. மருந்துக் கடையில் வேலை பார்க்கும் என் மகள், "அப்பா, ரோட்டையும் கொஞ்சம் பாத்து நடங்க" என்கிறாள்.

அவள் அம்மாவின் தையல் மெஷின்தான் எனக்கு மேஜை. என் மனைவி இறந்து ஆறு வருஷம். பலகையில் கை வைத்தால் இன்னும் எண்ணெய் வாசனை.

மார்ச் 5, புதன்

போனில் ஒரு பெண். "நல்லா இருக்கீங்களா ஐயா?" என்றாள். சொந்தக்காரி போலிருக்கிறது என்று மூட்டுவலிவரை சொல்லி முடித்தேன். அப்புறம்தான் விஷயம் வந்தது. தையல் மெஷினுக்கு வாங்கிய கடனில் பாக்கியாம். முப்பத்தைந்து வருஷ வட்டியோடு அவள் சொன்ன தொகைக்கு இருபது மெஷின் வாங்கலாம்.

பழைய கம்பெனியை மூடிவிட்டார்களாம். அதன் கணக்கையெல்லாம் இவர்கள் மொத்தமாக விலைக்கு வாங்கினார்களாம். பழைய பேப்பர் வாங்குகிறவரைத் தெரியும். பழைய கடன் வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள் என்று இன்றுதான் தெரிந்தது.

மார்ச் 7, வெள்ளி

முந்தாநாள் ஐயா. நேற்று பெரியவரே. இன்று யோவ். அதே பெண்தான்.

மகள் வேலை செய்யும் கடைக்கும் போன் பண்ணி, முதலாளியிடம் என்னைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள். சாயங்காலம் முகம் கழுவிவிட்டுத்தான் என்னிடம் வந்தாள். வீட்டுக்கு ஆள் அனுப்புவார்களாம். "எதுலயும் கைநாட்டு வச்சிடாதீங்கப்பா."

மார்ச் 8, சனி

சனிக்கிழமை என்றாலே அந்த ஆள் ஞாபகம். நாங்கள் அவருக்கு வைத்த பெயரே சனிக்கிழமைக்காரர். அந்த நாளில் மெஷின் கடன் வசூலிக்க வருவார், வீட்டுக்குள் வரமாட்டார். தெருவில் நின்று, நாலு வீடு கேட்க எங்கள் தவணையைக் கத்துவார். அதுதான் அவர் தொழில். நான் குளியலறையில் ஒளிந்துகொள்வேன். என் மனைவி ஒளியமாட்டாள். அவர் கத்தக் கத்த, சத்தத்தை அமுக்க மெஷினை வேகமாக மிதிப்பாள். ஒருநாள் சொம்போடு வெளியே போனாள். "அண்ணே, தொண்டை கட்டிக்கும். தண்ணி குடிச்சிட்டுக் கத்துங்க."

தெருவே சிரித்தது. குளியலறைக்குள் நானும் சிரித்தேன். இதை எழுதும்போதும் சிரிக்கிறேன். எழுத்து ஆடுகிறது.

மார்ச் 9, ஞாயிறு

அவளுடைய பிஸ்கட் டப்பாவைத் திறந்தேன். பொத்தான்கள், கத்தரி, மடித்த பத்திரம் ஒன்று. கீழே என் கட்டைவிரல் ரேகை. மெஷின் கடன் பத்திரம்! அன்றைக்கு யாரும் எங்களுக்குப் படித்துக் காட்டவில்லை. இன்று நானே படித்தேன், அரை நாள் ஆனது. "வாரத் தவணை, மொத்தம் இருபத்துநான்கு."

பத்திரத்துக்குள் ஒரு சிவப்பு நூல். அவளுக்கும் எழுத்து தெரியாது. ரசீது கேட்டால் சனிக்கிழமைக்காரர், "படிக்கத் தெரியாதவங்களுக்கு ரசீது எதுக்கு?" என்பார். அதனால் பணம் கட்டிய ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரு முடிச்சுப் போட்டு வைத்தாள்.

மூன்று தரம் எண்ணினேன். நாற்பத்தொன்று.

பதினேழு வாரம் கூட. "இன்னும் முடியல, இன்னும் முடியல"ன்னே சொன்னானே. கண்ணு எரிய எரிய அவ தைச்சது யாருக்கு? நான் ஏன் அப்பவே நாலு எழுத்து படிக்கல?

மார்ச் 12, புதன்

ஆள் வந்தார். ஐம்பது வயது இருக்கும், தோளில் பை. "பழசையெல்லாம் பேசிக் குறைச்சுக்கலாம் தாத்தா. சும்மா ஒரு கைநாட்டு" என்று மை டப்பாவை அவரே திறந்து வைத்தார். அவர்கள் கணக்கில் நான் இன்னும் கைநாட்டுதான்.

அவர் நீட்டிய காகிதத்தை வாங்கினேன். வரிக்குக் கீழே விரலை வைத்து, எழுத்தெழுத்தாக, வாய்விட்டுப் படித்தேன். அவர் இரண்டு தரம் கடிகாரம் பார்த்தார். "கடன் பாக்கி உள்ளதை ஒப்புக்கொள்கிறேன். குடியிருக்கும் வீட்டை அதற்கு ஈடாக வைக்கிறேன்."

"பெரியவருக்குப் படிக்கத் தெரியும்னு ஃபைல்ல இல்லையே" என்றார்.

"நாலு மாசமாத்தான் தெரியும்."

பேனா கேட்டேன். கையெழுத்துப் போடப் போகிறேன் என்று சந்தோஷமாகக் கொடுத்தார். காகிதத்தின் குறுக்கே பெரிதாக எழுதினேன்: படித்தேன். சம்மதம் இல்லை. கீழே என் பெயர். வகுப்புக்கு வெளியே நான் போட்ட முதல் கையெழுத்து. நன்றாகவே வந்தது.

கோபப்படுவார் என்று பார்த்தேன். உட்கார்ந்துவிட்டார். ஒரு கைநாட்டுக்கு இவ்வளவு என்றுதான் அவருக்குச் சம்பளமாம். இந்த வாரம் இதுவரை ஒன்றும் இல்லையாம். அவள் இருந்தால் செய்வதைத்தான் செய்தேன்: ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தேன். மை டப்பாவை மறந்துவிட்டுப் போய்விட்டார்.

மார்ச் 15, சனி

கம்பெனிக்கு நானே கடிதம் எழுதினேன். பத்திரத்தையும் நூலையும் மகள் படமெடுத்து அதோடு அனுப்பினாள். "இருபத்துநான்கு தவணைக்கு நாற்பத்தொன்று கட்டினோம். அதிகம் வாங்கிய பதினேழை எப்போது தருவீர்கள்? பழைய கம்பெனிக்கு வரவேண்டியதை வாங்கிய நீங்கள் அது தரவேண்டியதையும் வாங்கியிருப்பீர்கள்தானே."

படித்துவிட்டு மகள் ரொம்ப நேரம் சிரித்தாள். அவள் அம்மா சிரிப்பு.

மார்ச் 22, சனி

போன் ஓய்ந்துவிட்டது, மகளின் கடையிலும். மை டப்பாவைத் தேடி யாரும் வரவில்லை. நோட்டு பறக்காமல் இருக்க மேலே வைத்திருக்கிறேன். கடிதத்துக்குப் பதில் இல்லை. இன்று இரண்டாவது கடிதம் போட்டேன்.

மெஷினில் மீதியிருந்த சிவப்பு நூலை எடுத்து இரண்டு முடிச்சுப் போட்டேன். அடுத்த சனிக்கிழமையும் அவர்களுக்கு எழுதுவேன்.