பின்கட்டடத்துச் சாவி

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம், அவருடைய முட்டி வலியும் என்னுடைய முன்கோபமும் மட்டும் குறையவில்லை. நீயும் மருமகளும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பீர்கள் என்று நம்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். போன் இருக்க எதற்குக் கடிதம் என்பாய். போனில் நீ பாதியிலேயே குறுக்கே புகுந்துவிடுவாய், உன் அப்பா புத்தி. கடிதத்தில் நான் முடிக்கும் வரை நீ பேசாமல் கேட்டுத்தானே ஆக வேண்டும்.

பள்ளிக்கூட விஷயமாகப் போன வாரம் நீ, "ரிப்போர்ட் வர்ற வரைக்கும் சும்மா இருந்திருக்கலாமேம்மா, உனக்கு எதுக்கு இந்த வம்பு" என்று கேட்டாய். அது மனசில் தைத்துக்கொண்டே இருக்கிறது, அதனால் நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். பின்கட்டடத்தில் முதல் வகுப்பறைக் கதவு இந்த மழைக்குப் பிறகு தோளால் இடித்தால்தான் மூடியது. மரம் ஊறியிருக்கும் என்று தச்சரைக் கூப்பிட்டு இழைக்கச் சொன்னேன், இழைத்தும் சில நாளில் மறுபடி இறுகிவிட்டது. அப்புறம்தான் அண்ணாந்து பார்த்தேன், கரும்பலகைக்கு மேலே, கூரையைத் தாங்கும் பீமில் விரிசல், கைவிரல் நுழையும் போலிருந்தது. என்ஜினியர் வந்து பார்த்துவிட்டுக் கையை விரித்தார். "விழும்னு சொல்ல மாட்டேன் மேடம், விழாதுன்னும் சொல்ல மாட்டேன், முழுசா சோதனை பண்ணாம எழுதிக் கொடுக்க முடியாது, அதுக்கு ஆளுங்க வர ரெண்டு மூணு மாசம் ஆகும்" என்றார். அவர் டீ குடித்து முடிப்பதற்குள் பிள்ளைகளை வெளியே கொண்டுவந்து, கட்டடத்தைச் சுற்றிக் கயிறு கட்டச் சொல்லி, பூட்டிச் சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். பெரிய தைரியசாலி என்று நினைத்துவிடாதே, பூட்டிய பிறகும் மூன்று தடவை திரும்பிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்த்தேன். யாரையாவது கேட்கலாம் என்றால், தலைமையாசிரியைக்கு மேலே இருப்பவர்கள் "பார்த்துச் செய்யுங்க" என்பதைத் தவிர இதுவரை எதுவும் சொன்னதில்லை.

பூட்டுவது சுலபம், பாடெல்லாம் அதற்குப் பிறகுதான். முன்கட்டடத்தில் இடம் போதாமல் சின்ன வகுப்புகளுக்குக் காலை, பெரிய வகுப்புகளுக்கு மதியம் என்று பிரித்தோம். பெற்றோர்கள் என்னைக் கிழித்துத் தொங்கவிட்டார்கள், சில பேர் டி.சி. வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள், ஆசிரியர்களில் பாதிப் பேர் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அதையெல்லாம் தாங்கிக்கொண்டேன். துணிக்கடையில் வேலை பார்த்த ஒரு அம்மாவை, தினமும் நடுப்பகலில் மகளைக் கூட்டிப் போக வர வேண்டியிருந்ததால் கடையில் வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். அவள் என் அறைக்கு வந்து, "கட்டடம் விழுமான்னு உங்களுக்கே தெரியாது டீச்சர், என் வேலை போனது எனக்குத் தெரியும்" என்றாள். சத்தம் போட்டிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன், அவள் மெதுவாகச் சொன்னாள். இப்போது அவள் மகளைச் சாயங்காலம் வரை என் அறையிலேயே வைத்துக்கொள்கிறேன், வேறு சில பிள்ளைகளும் இருக்கிறார்கள். இது எனக்கு முதல் நாளே தோன்றியிருக்க வேண்டும். போன வேலை போனதுதான்.

உன்னிடம் சொல்வதற்கென்ன, நாளாக ஆக அந்தக் கட்டடத்தைப் பார்த்தாலே எரிச்சல் வந்தது. காற்றடித்தது, கொட்டோ கொட்டென்று மழை கொட்டியது, அது பாட்டுக்கு நின்றது. ஒருநாள் அதன் எதிரே நின்று, விழுந்துதான் தொலையேன் என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். கயிற்றுக்கு இந்தப் பக்கம் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகளுக்காகப் பூட்டியவள், என் பேச்சு சரி என்று ஆவதற்காக ஒரு சுவர் விழட்டும் என்கிறேன்.

நேற்று நிர்வாகக் குழு கூடியது. ரிப்போர்ட் வரும் வரை கட்டடத்தைத் திறந்து வகுப்பு நடத்துங்கள், முடியாதென்றால் பொறுப்பை உதவித் தலைமையாசிரியரிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். சாவியை மேசைமேல் வைத்து, மீதிக் கூட்டத்தைப் பின்கட்டடத்திலேயே வைத்துக்கொள்ளலாம் என்றேன். தலைவர் ரோஷக்காரர், "அதுக்கென்ன, வாங்க" என்று எழுந்துவிட்டார். நான் போய் பீமுக்கு நேர் கீழே ஆசிரியர் நாற்காலியில் உட்கார்ந்தேன். முட்டாள்தனம்தான், தெரியும். பொருளாளருக்கு வாசலிலேயே ஏதோ அவசர போன் வந்துவிட்டது. மற்றவர்கள் நிலைப்படியைத் தாண்டவில்லை. தலைவர் மட்டும் உள்ளே வந்தார். அவர் பேத்தி அந்த வகுப்புத்தான். "பாப்பா எங்க உக்காருவா" என்று கேட்டார். முன்வரிசை பெஞ்சைக் காட்டினேன். அதையும் பார்த்தார், அண்ணாந்து விரிசலையும் பார்த்தார், உட்காரவில்லை. "ஆபீஸ்லயே போய்ப் பேசலாம்" என்று திரும்பி நடந்தார். ரிப்போர்ட் வரும் வரை பூட்டியே இருக்கட்டும் என்று முடிவாகி, சாவி மறுபடி என் பைக்கு வந்துவிட்டது.

ஜெயித்துவிட்டேன் என்று எழுதவில்லை. அவர்களும் என்னைப் போலப் பயந்தார்கள், அவ்வளவுதான். கட்டடத்துக்கு ஒன்றும் இல்லை என்று ரிப்போர்ட் வந்தால் எல்லாரும் சிரிப்பார்கள், நீயும் அப்போதே சொன்னேனே என்பாய், அந்தத் துணிக்கடை அம்மா முகத்தில் எப்படி விழிப்பேன் என்று தெரியவில்லை. இருந்தாலும் அப்படியே வரட்டும் என்றுதான் இப்போது தினமும் வேண்டிக்கொள்கிறேன். நீ கேட்டதற்கு என்னிடம் இருக்கிற பதில் இதுதான். பூட்டியது தப்பென்றால் அவள் வீட்டு வாசலில் போய் நிற்க என்னால் முடியும். சும்மா இருந்து அது தப்பாகியிருந்தால், எந்த வீட்டு வாசலில் போய் நிற்பேன், சொல்லு.

நீங்கள் இரண்டு பேரும் நோய் நொடி இல்லாமல் மனம் ஒத்து நீண்ட நாள் இருக்க வேண்டும். உன் வண்டியில் பிரேக் பிடித்தால் கிறீச்சென்கிறதாம், நீ இன்னும் காட்டவில்லை என்று மருமகள் சொன்னாள். நாளைக்கே கொண்டுபோய்க் காட்டு. நான் நாற்காலியில் உட்கார்ந்தது அப்பாவுக்குத் தெரியாது, உளறிவைக்காதே.

ஆசிகளுடன்,
அம்மா