கொடி மேல் போட்ட பழி

அன்பு மகள் பூவிழிக்கு, அம்மா எழுதுவது. உடம்புக்கு இங்கே யாருக்கும் ஒன்றுமில்லை, டப்ளினில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். போனில் பேசினால் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறார், அதனால் எழுதுகிறேன்.

இன்று எழுந்ததும் முதல் வேலையாக மேற்குச் சுவரடியில் கிடந்த பூச்சுக் காரையை முறம் முறமாக அள்ளிக் கொட்டினேன். நீ பத்தாவது படிக்கும்போது நாம் பாலக்கோட்டில் வாங்கி வந்து படரவிட்ட கொடியை, இந்த வீட்டைக் கட்டிக் கொடுத்தவர் என்ற உரிமையில், உன் பெரியப்பா நேற்று ஆள் வைத்துப் பிடுங்கிவிட்டார். விரிசல் தெரிந்த நாளிலிருந்து இந்தக் கொடிதான் செவுத்தத் தின்னுது என்றே சொல்லிக்கொண்டிருந்தார். பாட்டனி படிச்சவ வூட்டுல செவுத்துக்கும் பச்சைச் சேலைதான் என்று என்னைப் பற்றி மாரண்டஹள்ளி முழுக்கச் சொல்லிச் சிரித்தார், உன் அப்பாவும் கூடவே சிரித்தார். அந்த வேர் மேலே ஒட்டிக்கொள்ளுமே தவிர நல்ல சுவரைத் துளைக்காது, ஏற்கெனவே விரிசல் இருந்தால்தான் உள்ளே நுழையும் என்று ஒரே ஒரு முறை சொன்னேன். படிச்ச திமிரு என்றார்கள். அதற்குப் பிறகு வீட்டுக்கு வருகிறவர்களிடம் கொடிக்காக நானே மன்னிப்புக் கேட்கத் தொடங்கிவிட்டேன். அவர்கள் சொன்னதைவிட இப்போது அதுதான் கசக்கிறது.

நேற்று கொடியை இழுத்ததும் பூச்சு பாளம் பாளமாக விழுந்தது. செங்கல்வரை ஒரு வேர்கூடப் போயிருக்கவில்லை. வேலைக்கு வந்த மேஸ்திரி கோவிந்தன் செங்கல் இடுக்கை நகத்தால் சுரண்டினார், மணலாகக் கொட்டியது. பெரியப்பா டீ குடிக்கப் போன நேரம் பார்த்து, கொடி மேல தப்பில்லீங்கக்கா, கலவையில சிமெண்டு கம்மி, கட்டுனப்ப தண்ணியும் சரியா ஊத்தல, கொடி மூடியிருந்ததாலதான் வெயிலு மழை படாம இத்தன நாளு தாங்குச்சு என்றார். உன் அப்பாவைக் கூட்டி வந்து காட்டினேன். மணலைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு உதறினார், அண்ணங்கிட்ட இதெல்லாம் கேக்க முடியுமா, பூசிட்டாத் தெரியாது என்றார்.

பூசுவதோடு விட்டாலும் பரவாயில்லை. அடுத்த வருடம் நீங்கள் வந்து தங்க, அதே சுவரின் மேல் மாடி எழுப்பப் போகிறார்களாம், கட்டப்போகிறவரும் பெரியப்பாதான். மனை என் பெயரில் இருப்பதால் பேரூராட்சி விண்ணப்பத்தில் என் கையெழுத்து வேண்டுமாம், வெள்ளிக்கிழமை வந்து வாங்கிக்கொள்வதாகச் சொல்லிப் போயிருக்கிறார்.

குளிரில் காதை மூடிக்கொண்டு போ, காலையில் வெறும் வயிற்றோடு ஓடாதே. உங்கள் இருவருக்கும் என் ஆசிகள் எப்போதும் உண்டு. மாடி அறைக்கென்று திரைச்சீலை எதுவும் வாங்கிவிடாதே. நான் கையெழுத்துப் போடப் போவதில்லை. இது இன்னும் யாருக்கும் தெரியாது, வெள்ளிக்கிழமை அப்பா, பெரியப்பா இருவர் முன்னாலும் நானே சொல்லிக்கொள்கிறேன்.

உன் அம்மா,
மஞ்சுளா